ஒரு போத்தல் பெட்ரோலும் என் சுக்குக் காப்பியும்

1

என் மகள் ஷெரினுக்குப் பள்ளிக்கூடத்தில் வீட்டுவேலை கொடுத்திருக்கிறார்கள். நாட்டின் பொருளாதாரம் விழுந்ததற்கு ஐந்து காரணங்கள், அன்றாட வாழ்வில் அதன் விளைவுகள் ஐந்து, பெரியவர்களிடம் கேட்டு எழுத வேண்டுமாம். போன வாரம் நோட்டோடு அடுக்களைக்கு வந்து நின்றாள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு என்ன தெரியும்? அப்பாட்ட கேளு," என்றேன்.

"அப்பா காரணம் சொல்லத் தொடங்கினா ஐஞ்சோட நிக்காது அம்மா. கெட்ட வார்த்தையும் வரும். டீச்சர் ஏசுவா."

உள்ளதுதான். அவள் அப்பா ரெஜி படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். பொருளாதாரம் விழுந்த அந்த வருஷம் டீசல் இல்லாமல் படகெல்லாம் கரையில் கிடந்தது. அதைப் பற்றிக் கேட்டால் அவர் வாயில் நல்ல வார்த்தை வராது.

நான் தேங்காய்ப்பட்டணத்துக்காரி. இலங்கைக்கு, நீர்கொழும்புக்கு, வாழ்க்கைப்பட்டு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. என் அண்ணன் சேவியர் குவைத்தில் வேலை பார்த்தபோது அவனோடு ஒரே அறையில் இருந்தவர் ரெஜி. "நல்ல பையன், குடி கெடையாது, கடலப் பாத்த ஊருதான், ஒனக்கு ஒண்ணும் வித்தியாசமா இருக்காது," என்று அண்ணன்தான் சொன்னான். வித்தியாசம் இல்லாமலும் இல்லை. இங்கே வந்த புதிதில் நான் பேசினால் கடைக்காரர் மூன்று தடவை கேட்பார். இப்போது நான் ஊருக்குப் பேசும்போது பக்கத்தில் நிற்கும் என் மகளே மூன்று தடவை கேட்கிறாள். "நீங்க மாமாவோட கதைக்கிறது ஒண்டும் விளங்கல்ல அம்மா, பாட்டு மாதிரி இருக்கு," என்கிறாள். பாட்டு மாதிரி இருந்தால் கேட்டுவிட்டுப் போயேன் என்று நானும் விட்டுவிட்டேன்.

2

சரி, பிள்ளை கேட்டுவிட்டது. எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன்.

"எங்க ஊர்ல ஒரு வீடு இருக்குன்னு வச்சுக்க. வீட்டுக்காரன் கல்ஃப்ல. மாசாமாசம் பணம் வருது. வருங்குற தைரியத்துல கடன் வாங்கி மாடி எடுக்கான். மாடிக்கு மேல இன்னொரு மாடி, அதுக்குக் கண்ணாடிக் கைப்பிடி. அந்த மாடில ஏறி நிக்கதுக்கு ஆளே இல்ல. ஆனா ரோட்டுல போறவன் பாக்கணும்லா?"

"அது கடன் வாங்கிக் கட்டின துறைமுகமும் விமான நிலையமுமா?" என்றாள். கெட்டிக்காரி.

"நீயே எழுதிக்க. கீழ் வீட்டுல குடியிருக்கவன்ட்ட, நீ வாடகையக் கொறச்சுக் குடு, எனக்குப் பிரச்சினை இல்லன்னு சொல்லுதான். நல்ல பேரு வாங்கணும்லா? அது வரி. அடுத்த வருஷம் தென்னைக்கு இனிமே உரம் வேண்டாம், எல்லாம் இயற்கையாட்டு வளரட்டும்னு ஒரே நாள்ல நிறுத்திருதான். காய் விழல்ல. அந்த நேரம் பாத்து கல்ஃப்ல கம்பெனிய மூடிட்டான். பணம் வரல்ல. இப்பக் கடனுக்குச் சாமான் குடுத்த கடைக்காரன் என்ன செய்வான்? கதவ அடைப்பான்."

பணம் வராமல் போனதற்கு இந்த ஊரில் வேறு காரணமும் உண்டு. ஒரு பாஸ்கு ஞாயிறன்று, ஈஸ்டர் பூசை நேரத்தில், கோவில்களில் குண்டு வெடித்தது. அதைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் இன்றைக்கும் சத்தமாகப் பேசமாட்டார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாவுக்கு வெள்ளைக்காரர் வரவில்லை. கொஞ்சம் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள், கொரோனா வந்தது. டாலர் தீர்ந்தது. டாலர் இல்லாமல் கப்பலிலிருந்து எண்ணெய் இறங்காது, எரிவாயு இறங்காது, பால்மாவும் இறங்காது. கப்பல் மட்டும் வந்து நங்கூரம் போட்டு நின்றுகொண்டிருக்கும், செய்தியில் காட்டுவார்கள்.

ஷெரின் எல்லாம் கேட்டுவிட்டு, "கல்ஃப் மாமா கதையெல்லாம் எழுதினா மார்க்ஸ் போட மாட்டாங்க அம்மா," என்றாள். பிறகு என்னவோ நினைத்துக்கொண்டு, "ஆனா அந்த வருஷம் நல்லா இருந்தது என்ன? ஸ்கூலே இல்லை," என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

3

விளைவுகள் ஐந்து என்றால் எதை விடுவது? ஊரில் இருக்கிற உங்களுக்கு டிவியில் தீயும் புகையும் கூட்டமும் காட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் எரியவில்லை, அடுப்பு உட்பட. எரிவாயு சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டு மூன்று நாள் காத்திருந்து, காலிச் சிலிண்டரை அப்படியே உருட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். மின்வெட்டுக்கு ஊரை ஏ, பி, சி என்று எழுத்து எழுத்தாகப் பிரித்திருந்தார்கள். பக்கத்துத் தெரு வேறு எழுத்து. நம் வீட்டில் மின்சாரம் போனால் போனைத் தூக்கிக்கொண்டு அடுத்த எழுத்துக்கு ஓட வேண்டும். பால்மா இல்லாமல் எல்லோரும் வெறும் தேநீருக்கு மாறினோம். காகிதம் இல்லாமல் பரீட்சை நின்றது, அதில் என் மகளுக்கு எந்த வருத்தமும் இல்லை.

எனக்கு மறக்கமுடியாதது குடியகல்வு அலுவலகம். நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்காரிதான். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கொழும்பு போய் நான் இன்னார் மனைவி, இன்னும் அவரோடுதான் இருக்கிறேன் என்று விசாவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த வருஷம் போனால் தெருவை அடைத்துக்கொண்டு வரிசை. எல்லோரும் பாஸ்போர்ட் எடுத்து நாட்டைவிட்டுப் போக நிற்கிறார்கள். வாசலில் நின்ற காவலாளி என்னையும் கைபிடிக்காத குறையாக அதில் கொண்டுபோய் நிறுத்தினார். நான் விசாவுக்கு வந்தவள், வேறு பக்கம் போக வேண்டும் என்றேன்.

"என்ன விசா?"

"இங்க இருக்கிறதுக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வரிசையில் நின்ற இளைஞர்களும் திரும்பிப் பார்த்தார்கள். "மிஸ், இவ்வளவு பேரும் போறதுக்கு நிக்கிறாங்க, நீங்க இருக்கிறதுக்கா நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு மிக மரியாதையாக எனக்கு வழிவிட்டார். என் வரிசையில் ஆளே இல்லை. உள்ளே இருந்த பெண், பிரதி எடுக்கக் காகிதம் இல்லை, கொண்டு வந்தீர்களா என்றார். ஷெரினின் கணக்கு நோட்டிலிருந்து நான்கு தாள் கிழித்துக் கொண்டுபோயிருந்தேன், முன்பே ஒருவர் சொல்லியிருந்தார். கோடு போட்ட தாளில்தான் என் விசாவின் பிரதி இன்றைக்கும் இருக்கிறது.

4

அண்ணன் அப்போது குவைத்தை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான். தேங்காய்ப்பட்டணத்தில் மீன் ஏற்றும் வண்டி இரண்டு வைத்திருக்கிறான். தினமும் போன்.

"ஏட்டி, தின்னியா?"

"தின்னேன் அண்ணா."

"என்னத்தத் தின்ன? அங்கதான் ஒண்ணும் இல்லன்னு டிவில சொல்லுதானே."

முன்பெல்லாம் நான் ஊருக்குப் போனால் பெட்டி நிறைய ஏதாவது கொண்டுபோக வேண்டும். வெளிநாட்டுக்காரி வெறுங்கையோடு வந்தால் எங்கள் பக்கத்தில் அது பெரிய குறை. அந்த வருஷம் எல்லாம் தலைகீழ். தெரிந்தவர் ஒருவர் மூலம் அண்ணன் எனக்கு ஒரு பெட்டி கொடுத்துவிட்டான். தக்கலைக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறான். பால்பொடி, காய்ச்சல் மாத்திரை, மெழுகுவர்த்தி, கருப்பட்டி, சுக்கு, மல்லி. எல்லாவற்றுக்கும் அடியில் புதிதாக ஒரு கேஸ் லைட்டர். அதைக் கையில் வைத்துக்கொண்டு நானும் ரெஜியும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. ரெஜிக்கு வேலையே இல்லை. ஷெரின் மெலிந்துபோனாள். ஒரு நாள் அண்ணன் குரலை மாற்றிப் பேசினான். "நான்தான ஒன்ன அங்கக் கெட்டிக் குடுத்தேன். எனக்கு ஒறக்கம் வரமாட்டேங்கு. பிள்ளையக் கூட்டிட்டு வந்துரு மக்கா. இங்க ஸ்கூல்ல பேசிட்டேன். ரெஜி பொறவு வரட்டும்."

அவன் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. சரி என்றுவிட்டேன். ரெஜியும், "போங்க, நான் சமாளிப்பன்," என்றார். அண்ணன் அடுத்த வெள்ளிக்கிழமைக்குத் திருவனந்தபுரத்துக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டான். போனால் திரும்பி வரமாட்டோம் என்று எனக்குத் தெரியும். ரெஜிக்கும் தெரியும்.

தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. எரிவாயு நின்ற நாளிலிருந்து எங்கள் வீட்டு முற்றத்தில் விறகு அடுப்பு வைத்து நாங்களும் பக்கத்து வீட்டாரும் சேர்ந்து சமைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு அன்ரன் அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறவர், சர்க்கரை வியாதிக்காரர். அவர் மனைவி சுமனா அக்கா. மகள் திலினி, நிறைமாதக் கர்ப்பிணி. திலினியின் புருஷன் பிழைப்புத் தேடி மாலைதீவு போயிருந்தான். எனக்கு ஓடிப்போக ஒரு ஊர் இருக்கிறது, இவர்களுக்கு இல்லை. இதை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

5

சொல்லாமல் போகிறோமே, ஒரு நேரம் நல்லபடியாகச் சாப்பாடாவது போடுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை மரவள்ளிக்கிழங்கு அவித்தேன்.

இங்கே மரவள்ளி இல்லாதவர்கள் சாப்பாடு. ஆசைக்கு வாங்குகிறேன் என்று சொன்னால்கூடப் பாவமாகப் பார்ப்பார்கள். அதனால் பத்துப் பன்னிரண்டு வருஷமாக நான் அதைக் கள்ளத்தனமாக எனக்கும் ஷெரினுக்கும் மட்டும் அவித்துக்கொண்டிருந்தேன். ரெஜி தொடமாட்டார், குவைத்தில் அண்ணன் அவித்துக் கொடுத்தே வெறுத்துப்போனவர். இப்போது அரிசி விலை ஏறி ஊரே கிழங்குக்கு வந்துவிட்டது. என் ராஜ்ஜியம். தோலை உரித்து, துண்டு போட்டு, பொங்க அவித்து, தண்ணீரை வடித்து, தேங்காயும் சீரகமும் சதைத்துப் போட்டுக் கிண்டினேன். கரையிலிருந்து இழுக்கும் கரவலையில் வந்த சாளை மீனுக்குத் தேங்காய் அரைத்துவிட்டுக் குழம்பு வைத்தேன். சுமனா அக்கா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். திலினி தட்டை வழித்தாள். ரெஜி அன்றைக்கு மண்ணெண்ணெய் வரிசையில் நின்றார்.

கிழங்கு தின்றால் வாயு. அதற்கு எங்கள் வீட்டில் கையோடு சுக்குக் காப்பி குடிப்போம். அண்ணன் அனுப்பிய சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் இருக்கிறது, பிறகென்ன? பெரிய பாத்திரத்தில் கொதிக்க வைத்து ஆளுக்கு ஒரு கோப்பை கொடுத்தேன். எல்லோரும் ரசித்துக் குடித்தார்கள். சுமனா அக்கா கோப்பையைக் காலி செய்துவிட்டு, "இதுக்குள்ள என்ன போட்டீங்க? நல்ல காரமா இருக்கு," என்றார். நான் பெருமையாக டப்பாவைத் திறந்து சுக்குத் துண்டை எடுத்துக் காட்டினேன்.

சுமனா அக்காவின் முகம் வெளுத்தது. கோப்பையைக் கீழே வைத்தார். "காஞ்ச இஞ்சி," என்றார், அன்ரன் அண்ணனைப் பார்த்து. அவர் எழுந்து நின்றுவிட்டார்.

இந்த நாட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த ஒரு விஷயம், மரவள்ளியும் இஞ்சியும் வயிற்றில் சேர்ந்தால் விஷம் என்பது. எனக்குத்தான் தெரியாது. ஒளித்து வைத்துத் தின்றவளுக்கு யார் சொல்லுவார்கள்? அதற்குப் பிறகு நடந்த பெகளத்தை என்னவென்று எழுத? சுமனா அக்கா தொண்டையில் விரலை விட்டுக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். அன்ரன் அண்ணன் நெஞ்சில் சிலுவை போட்டார். ஷெரின் மட்டும், "அம்மாவும் நானும் எப்பவும் குடிக்கிறது, நாங்க சாகல்லதானே," என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள். அதை யார் கேட்டார்கள்? எல்லோரும் திலினியின் வயிற்றைத்தான் பார்த்தார்கள். அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பயத்தில் அழவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்ரன் அண்ணன் வீட்டுக்குள் ஓடினார். அந்தோனியார் சுரூபத்துக்குப் பின்னால் துணி சுற்றி வைத்திருந்த ஒரு போத்தலை எடுத்து வந்தார். பெட்ரோல். மகளின் பிரசவத்துக்கென்று அவர் இரண்டு மாதமாக ஒளித்து வைத்திருந்தது, தெருவில் எல்லோருக்கும் தெரியும். வேறு எதற்கும் தொடமாட்டார். அதை அப்படியே ஆட்டோவில் கவிழ்த்தார்.

6

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். மூன்று நாளாக வீட்டுக்குப் போகாத முகம். திலினியைப் பார்த்தார், குழந்தையின் துடிப்பைக் கேட்டார். "கிழங்கத் தண்ணி வடிச்சா அவிச்சீங்க?" என்று என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். "அப்ப ஒண்டும் இல்ல. வீட்டுக்குப் போங்க. இங்க கையுறையே இல்லாம நிக்கிறம், நீங்க வேற."

திரும்பி வரும் வழியில் பாதித் தூரத்திலேயே ஆட்டோ நின்றுவிட்டது. திலினி உள்ளே இருக்க, நானும் சுமனா அக்காவும் பின்னாலிருந்து தள்ளினோம், அன்ரன் அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிரசவத்துக்கு இன்னும் ஒரு வாரம், பத்து நாள்தான். ஆம்புலன்சைக் கூப்பிட்டால் டீசல் இருந்தால் வரும்.

அன்ரன் அண்ணன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க நல்ல மனசோடதானே குடுத்தீங்க," என்று மட்டும் சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

7

திங்கட்கிழமை விடியும்போதே ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு போய்ப் பெட்ரோல் வரிசையில் விட்டோம். பெட்ரோல் ஏற்றிவரும் பவுசர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வண்டியோடு ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லாத வண்டியை ஓரமாக ஒதுக்கிவிட்டு அடுத்தவன் முன்னால் போய்விடுவான், அதுதான் சட்டம். இரண்டு நாள் வெயிலில் நின்று அன்ரன் அண்ணனுக்குக் கால் வீங்கிவிட்டது. சுமனா அக்கா மகளை விட்டு நகர முடியாது. ரெஜி கூலி வேலை கிடைத்த இடத்துக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தார். புதன்கிழமையிலிருந்து பகல் முழுக்க நான் நின்றேன். ஷெரின் பின் சீட்டில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருப்பாள். எங்கள் பின்னால் நின்ற வேன்காரர், நான் யாரையோ இடையில் விட்டுவிட்டேன் என்று ஒருநாள் முழுக்க என்னோடு சண்டை போட்டார். நானும் விடவில்லை, தேங்காய்ப்பட்டணம் மீன்சந்தையில் பழகிய வாய்தானே.

வெள்ளிக்கிழமை காலையில் பவுசர் வரும் என்று வியாழக்கிழமை செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நாங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பெட்டி கட்டி வீட்டில் இருந்தது.

சொன்னபடி பவுசர் வந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் ஐம்பது அறுபது வண்டி. அப்போதுதான் அண்ணன் கூப்பிட்டான்.

"ஏட்டி, வீட்டுலேருந்து எறங்கிட்டியா? ஏர்போர்ட்டுக்குப் போயிட்டியா?"

"இல்ல அண்ணா. பெட்ரோல் லைன்ல நிக்கேன்."

"ஒனக்கு எதுக்குட்டி பெட்ரோலு?"

எல்லாவற்றையும் சொன்னேன். கிழங்கிலிருந்து போத்தல் வரைக்கும். "சுக்கு நான்தான குடுத்து விட்டேன்," என்றான். பிறகு, "டிக்கெட் போனா போட்டும். எத்தனாவது ஆளா நிக்க?" என்று கேட்டான். அவன் குரல் உடைந்திருந்தது. நானும் அழுதுவிட்டேன்.

போனை வைத்துக் கொஞ்ச நேரத்தில் சுமனா அக்கா தெருமுனையில் திலினியைத் தாங்கிக்கொண்டு வருவது தெரிந்தது. வலி முன்கூட்டியே வந்துவிட்டது, ஆம்புலன்ஸ் வரவில்லை, நடக்க வைத்தே கூட்டி வந்துவிட்டார். அன்ரன் அண்ணன் நொண்டிக்கொண்டு பின்னால் வந்தார். நான் முன்னால் நின்ற வண்டிக்காரர்களிடம் ஓடி எனக்குத் தெரிந்த சிங்களத்தில் என்னவோ உளறினேன். ஆட்டோவில் முதலில் கை வைத்தது அந்த வேன்காரர்தான். "தள்ளுங்க," என்றார். நாலு நாளாக ஓர் அங்குல இடத்துக்கு அடித்துக்கொண்ட ஆட்கள் எங்கள் ஆட்டோவை வரிசை நெடுகத் தள்ளிக்கொண்டு போய்ப் பம்ப் முன்னால் நிறுத்தினார்கள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் வெப்ராளப்பட வேண்டாம். பையன். இப்போது என் அடுக்களையில் ஒரு பாத்திரம் மிச்சம் வைப்பதில்லை.

நான் சொல்ல வந்தது ஆட்டோவில் போன அந்தப் பதினைந்து நிமிஷத்தை. சுமனா அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் திலினி. ஷெரின் முன்னால் அன்ரன் அண்ணனை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீர்கொழும்புக்கு விமான நிலையம் பக்கம்தான், எல்லா விமானமும் எங்கள் தலைக்கு மேலேதான் ஏறும். ஒன்று பெரிய இரைச்சலோடு போயிற்று. திலினி மூச்சு வாங்கிக்கொண்டே மேலே பார்த்தாள்.

"அக்கா, அது உங்கட பிளேனா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த பிளேன்?"

"எங்களுக்குத் தெரியும் அக்கா. ஷெரின் அழுதுகொண்டு வந்து சொன்னா. ஞாயித்துக்கிழமை சாப்பாடு அதுக்குத்தான் எண்டும் தெரியும். அங்க போய் அழக் கூடாது எண்டு சொல்லித்தான் அம்மா எங்களக் கூட்டி வந்தா."

சுமனா அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் அன்ரன் அண்ணன் திரும்பவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இவர்களில் ஒருவர்கூட என்னிடம் போகாதே என்று சொல்லவில்லை, போகிறாயா என்று கேட்கவும் இல்லை. போகிறவள் என்று தெரிந்தேதான் அந்த வண்டியை என்னிடம் விட்டிருக்கிறார்கள்.

அடுத்த வலி வந்தது. திலினி என் கையை எலும்பு நொறுங்கப் பிடித்தாள்.

"அது என் பிளேன் இல்ல மக்கா," என்றேன். "நீ மூச்ச விடு."